அண்ணன் பல்லு

ஜன்னலக் கொஞ்சம் மூடிக்கங்க சார். தப்பா நெனைக்காதீங்க. காத்து வந்து பல்லுல பட்டா உச்சந்தல வரைக்கும் சுர்ருங்குது. ஆங், போதும். நல்லாருப்பீங்க.

முன்சீட்டுக்காரன் தொறந்து வச்சிருக்கான் பாருங்க. ஏம்ப்பா, ஒன்னையத்தான். அந்தக் கண்ணாடிய இழுத்து விடு. என்னது, வேர்க்குதா? வேர்த்தா தொடச்சுக்க. இழுத்து விடுறியா, இல்ல நான் எந்திரிச்சு வரவா? ம், அப்படி வா வழிக்கு. பாத்தீங்களா சார், மரியாதையாச் சொன்னா எவனும் கேக்குறதில்ல.

நீங்களும் அறந்தாங்கிதானா? நானும் அங்கதான் எறங்கணும். பத்தரைக்கு கோர்ட்டு. சாட்சி சொல்லப் போகல, சரண்டர் ஆகப் போறேன். அட, எதுக்கு ஒதுங்கி உக்காருறீங்க? நான் ஒண்ணும் பண்ணல. அதத்தான சொல்ல வர்றேன். செய்யாத குத்தத்துக்கு உள்ள போறேன் நான். இந்த பஸ்ஸுல இருக்க அம்புட்டுப் பேருலயும் மனசுல அழுக்கில்லாம உக்காந்திருக்கது நான் ஒருத்தன்தான்.

எங்க ஊருல கோர்ட்டு இல்லாமயா? இருக்கு. ஆனா அங்க போனா வாசல்லயே ஸ்டேஷன்காரன் அள்ளிக்கிட்டுப் போயி, அடிச்சு முடிச்சுட்டுத்தான் பேரையே கேப்பான். இப்படித் தூரத்துக் கோர்ட்டுல போயி மாஜிஸ்ட்ரேட் முன்னால கையக் கட்டி நின்னுட்டா நேரா ஜெயிலு, அடி கிடையாது. வக்கீல் ஏற்பாடு. பதினஞ்சு நாள்ல பெயில்ல எடுத்துருவேன்னு சொல்லியிருக்காரு.

என் பேரு மாயழகு. வீரணண்ணன்னு ஒருத்தரு, எங்க ஊரு மார்க்கெட்டுல அவரு பேரச் சொன்னா மூட்ட தூக்குறவன்ல இருந்து மண்டிக்காரன் வரைக்கும் எந்திரிச்சு நிப்பான். அவருக்குப் பதினாறு வருஷமா நான்தான் வலது கை. அவரு பாத்தாப் போதும், யாரப் பாக்குறாரோ அவன நான் அடிச்சிருப்பேன். ஏன்னு கேட்டதில்ல. கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, எனக்குக் கேக்கத் தோணல.

இப்ப என் பல்லப் பாருங்க. ஈ. எப்படியிருக்கு? பளிச்சுன்னு இருக்கா? உள்ள இருக்கது என் பல்லு. மேல ஒட்டியிருக்கது அண்ணன் பல்லு. முன்னால ஒண்ணு ஓரத்துல செதஞ்சிருக்கு பாருங்க, அது தானா ஒடையல. ஒடச்சு விட்டது. சொல்றேன், அவசரப்படாதீங்க.

அண்ணன் இந்தத் தடவ கவுன்சிலருக்கு நிக்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. சுயேச்சையா. நின்னா ஃப்ளெக்ஸ் வைக்கணும். ஃப்ளெக்ஸ்ல சிரிக்கணும். அங்கதான் சிக்கல். அண்ணன் பல்லு பாக்குப் போட்டுப் போட்டு ஒண்ணு செங்கல் கலரு, ஒண்ணு கருப்பு, நடுவுல ஒண்ணு பாதிதான் இருக்கும். மிச்சப் பாதி ஒரு சோடா பாட்டில் சண்டையில போச்சு. பாட்டில் வச்சிருந்தவனுக்கு அன்னைக்கே ஒரு கண்ணு போயிருச்சு, அது வேற கத.

எங்க ஊருல ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கது என் மச்சினன்தான். செழியன். என் வீட்டுக்காரி தேன்மொழிக்குக் கூடப் பொறந்த ஒரே தம்பி. கம்ப்யூட்டர்ல உக்காந்தான்னா கெழவியக் கொமரியாக்கிருவான், அம்புட்டு வேலக்காரன். அவன் சொன்னான், "மச்சான், பல்ல நான் கம்ப்யூட்டர்லயே வெள்ளையாக்கிர்றேன், அஞ்சு நிமிஷ வேல." நான் போயி அண்ணன்கிட்டச் சொன்னேன். அண்ணன் என் செவுட்டுல ஒண்ணு விட்டாரு. "ஃப்ளெக்ஸ்ல ஒரு பல்லு, வாயில ஒரு பல்லாடா? ஓட்டுக் கேட்டு நேர்ல போனா ஜனம் என்ன நெனைக்கும்? நான் யாரையும் ஏமாத்துறவன் இல்லடா." அப்படி ஒரு நேர்மை சார் அவருக்கு.

மதுரைக்குப் போனோம். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. அவங்க வெளக்கிச் சொன்னாங்க. நம்ம பல்லு மேல்பக்கத்த லேசாச் சீவிட்டு, பீங்கான்ல நகம் கனத்துக்குத் தகடு செஞ்சு ஒட்டுறது. வெனீர்னு பேரு. சீவிட்டா சீவுனதுதான், பழையபடி வராது. ஒட்டுன பெறகு பாட்டில் மூடியப் பல்லால தொறக்கக் கூடாது, எலும்பக் கடிக்கக் கூடாது, எதையுமே வெடுக்குன்னு கடிக்கக் கூடாது. அண்ணன் எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனாரு.

அப்புறம் கலரு. பல்லு பல்லா வரிசையாக் கோத்த ஒரு பட்டைய எடுத்து அண்ணன் மொகத்துக்கிட்ட வச்சு வச்சுப் பாத்துட்டு, "இது உங்க வயசுக்கும் நெறத்துக்கும் இயற்கையா இருக்கும் சார்"னு ஒண்ணக் காட்டுனாங்க. லேசா மஞ்ச. அண்ணன் கடைசியில இருந்ததத் தொட்டாரு, இருக்கதுலயே வெள்ள. டாக்டரம்மா, "அது உங்க மொகத்துக்கு ஒட்டாது சார், தனியாத் தெரியும்"னாங்க. அண்ணன், "மொகத்த விடுங்கம்மா. இருபதடி ஃப்ளெக்ஸ் வைக்கிறேன், பஸ்ஸுல போறவனுக்குத் தெரியணும். ஃப்ளெக்ஸுக்கு ஒட்டுமா?"ன்னு கேட்டாரு. அந்தம்மா என்னையப் பாத்துச்சு. நான், அண்ணன் சொல்றதச் செய்யிங்கன்னேன். மேல எட்டுப் பல்லு, அதே வெள்ளையில போட்டாச்சு.

போட்டதும் பெரிய பிரச்சன, அண்ணனுக்குச் சிரிக்கத் தெரியல. பதினாறு வருஷத்துல அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. கண்ணாடி முன்னால நிக்க வச்சு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வாய் மட்டும் போகும், கண்ணு அப்படியே இருக்கும். ஒரு நாளு கமிஷன் கொடுக்க மாட்டேன்னு ஒரு லாரிக்காரன் எகிறுனான். அவனப் போட்டு மிதிச்சுக்கிட்டிருக்கும்போது அண்ணன் சும்மா சிரிச்சுப் பாத்தாரு. அவன் அங்கனயே மூத்திரம் பேஞ்சுட்டான். சிரிச்சுக்கிட்டே அடிச்சா ஆளு வெரசா விழுகுறான்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. அண்ணனுக்கு அந்தச் சிரிப்பு பிடிச்சுப் போச்சு, அதையே வச்சுக்கிட்டாரு.

செழியன் ஃபோட்டோ எடுத்து ஃப்ளெக்ஸ் அடிச்சுக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டு முக்குல இருபதடி. வேற எதுவுமே கண்ணுல படாது, பல்லுதான் தெரியும். அண்ணன் கீழ நின்னு அரை மணி நேரம் பாத்தாரு.

அந்த வாரந்தான் எம்மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான குத்தணும், செழியன் மடியிலதான் வச்சோம். அது அலறுச்சு. அவன் ரெண்டு கையாலயும் அதோட கண்ணப் பொத்தி, காதுல என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரிக்க வச்சுட்டான். தங்கமான பய சார், அத நான் எங்க வேணாலும் சொல்லுவேன். அன்னைக்குப் பந்தியில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கறிச்சோறு சாப்புடுறோம். எங்கிட்டக் குனிஞ்சு மெதுவாச் சொல்றான், "மச்சான், உங்க அண்ணனுக்கு டாக்டரு பல்லு வைக்கல. கொத்தனார வச்சுப் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டிவிட்டிருக்காங்க." எனக்குச் சோறு மூக்குல ஏறிருச்சு சார். அப்படிச் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. "யாருட்டயும் சொல்லிறாதீங்க மச்சான்"னான். "சீ, நான் சொல்லுவனாடா"ன்னேன்.

நான் ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் சொன்னேன். டீ மாஸ்டரு. அவன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?

மூணு நாளு. மூணே நாளு சார், வார்டு பூராம் டைல்ஸு டைல்ஸு. ஓட்டுக் கேட்டுத் தெருவுல போறோம், மாடியில இருந்து ஒருத்தன், "டைல்ஸ் வர்றாருடோய்"ங்குறான். மேல ஏறிப் போயி அவனப் படியிலயே தலகீழா இழுத்துட்டு வந்தோம். அவன் மண்ட ஒவ்வொரு படியிலயும் இடிச்சுது. பொம்பளைக எல்லாம் கதவச் சாத்திக்கிட்டாங்க. அந்தத் தெருவுல அதுக்கப்புறம் ஒரு ஓட்டு விழுமா? அண்ணனுக்கு அது புரியல, நாங்களும் சொல்லல. மறுநாக் காலையில எவனோ பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸுக்குக் கீழ நெசமாலுமே ஒரு வெள்ள டைல்ஸ நிறுத்தி வச்சு, மாலையப் போட்டு, பத்தி கொளுத்தி வச்சுட்டான். ஊரே நின்னு பாக்குது. அண்ணன் கார்ல இருந்து எறங்குனாரு. பாத்தாரு. சிரிச்சாரு சார், அந்தச் சிரிப்பு.

ஆபீசுல எங்க எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சாரு. இந்தப் பேர மொதல்ல சொன்னது எவன். ஒவ்வொருத்தன் முன்னாலயும் நின்னு கேக்குறது, தெரியாதுன்னா பெல்ட்டு பிஞ்சுரும். எங்கிட்ட வந்தாரு. என்னைய மட்டும் அடிக்கல. தோள்ல கைய வச்சு, "மாயா, உனக்குத் தெரியாம இந்த ஊருல ஒண்ணு நடக்காதுடா. நீ சொல்லு"ன்னாரு. அப்படிப் பாசமாக் கேட்டா என்ன செய்வீங்க நீங்க? செழியன்தாண்ணேன்னு சொல்லிட்டேன். சொந்த மச்சினன்னும் பாக்காமச் சொன்னேன். அம்புட்டு விசுவாசம்.

இப்படிப் பாக்காதீங்க. யோசிச்சுத்தான் சொன்னேன். வேற எவன் வாயில இருந்தாச்சும் தெரிஞ்சிருந்தா அவனக் கொன்னேபுட்டிருப்பாரு. நான் சொன்னா, மாயாவோட மச்சினன்னு ரெண்டு தட்டுத் தட்டி விட்டுருவாருன்னு நெனச்சேன். டீ மாஸ்டர்கிட்ட நான் சொன்னதையும் சொல்லியிருக்கணுமா? அத எதுக்குச் சொல்லணும்? பேரு வச்சவன் அவன்தான.

மத்தியானம் ஒண்ணு, ஒண்ணேகால் இருக்கும். அண்ணன், நானு, இன்னும் ரெண்டு பேரு வாசல்ல. செழியன் கடையில தனியாத்தான் இருந்தான், ஃப்ளெக்ஸ் மெஷினு டர்ரு டர்ருன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. அடிச்சுக்கிட்டிருந்ததே அண்ணன் படந்தான், பாதி வெளிய வந்திருந்துச்சு. என்னையப் பாத்ததும், "வாங்க மச்சான், சாப்ட்டீங்களா"ன்னான். ஷட்டர எறக்கிட்டோம்.

அண்ணன் கையில ரப்பர் சுத்தி. டைல்ஸ் ஒட்டுறவங்க வச்சிருப்பாங்களே, கருப்பா, அது. வர்ற வழியில கடையில நிறுத்தி அவரே எறங்கி வாங்குனது. "தம்பி, டைல்ஸு நல்லா உக்காரணும்னா நாலு மூலையிலயும் தட்டணும், தெரியுமா?"ன்னாரு. சொல்லிட்டு வாயிலயே ஒண்ணு. ரப்பர்தானேன்னு நெனைக்காதீங்க. கல்லு கல்லா வந்து கீழ விழுந்துச்சு, மூணு பல்லு. அவன் கத்தக்கூட இல்ல சார், ஆச்சரியமாப் பாத்தான். அடுத்து ரெண்டு கையையும் கொண்டாந்து வாயப் பொத்திக்கிட்டான். வெரலுக்கு நடுவுல ரத்தம் வருது.

அண்ணன், "மாயா, கை"ன்னாரு.

பிடிச்சேன். அண்ணன் சொன்னாப் பிடிக்கணும்ல. பின்னால நின்னு ரெண்டு கையையும் இழுத்து முதுகோட சேத்துப் பிடிச்சேன். பிடிச்சதுதான் நானு. ஒரு அடி நான் அடிக்கல. என் பிள்ள மேல சத்தியமா ஒரு அடி நான் அடிக்கல. அண்ணன் தட்டுறாரு, எண்ணி எண்ணித் தட்டுறாரு, மேல வரிச, கீழ வரிச. அவன் தலையத் திருப்பித் திருப்பி என்னையப் பாக்கப் பாக்குறான். "மச்சான், மச்சான்"னு மட்டுந்தான் சொல்றான். பல்லு இல்லாததால அதுவும் சரியா வரல. நான் அவன் காதுல, "கொஞ்சம் பொறுத்துக்க மாப்ள, முடிஞ்சிரும்"னு சொன்னேன். ஆறுதலா நாலு வார்த்த சொன்னது அந்த எடத்துல நான் ஒருத்தன்தான்.

எப்படியோ ஒரு கைய உருவிட்டான். உருவி அண்ணன் மூஞ்சியப் பிடிச்சுத் தள்ளுனான். அண்ணனுக்குப் பழைய புத்தி, வெடுக்குன்னு அந்தக் கையக் கடிச்சுட்டாரு. முழங்கைக்குக் கீழ, சதையோட. டக்குன்னு ஒரு சத்தம். கண்ணாடி டம்ளர் வெளிம்பு ஒடயுமே, அந்தச் சத்தம். அண்ணன் வாயில கைய வச்சுப் பாத்தாரு. முன்னாடிப் பல்லு ஓரத்துல ஒரு சில்லு இல்ல. அவ்வளவுதான், அவருக்கு வெறி வந்துருச்சு. சுத்தியப் போட்டுட்டு காலால ஆரம்பிச்சாரு. தாடை அப்பத்தான் ஒடஞ்சது. நான்தான் போதும்ணேன்னு இழுத்துட்டு வந்தேன். மெஷினு அப்பவும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

திருப்பத்தூரு வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேணாம், சூடு பட்டாலும் கொல்லுது, குளுந்தது பட்டாலும் கொல்லுது.

வந்துட்டீங்களா. வர மாட்டீங்கன்னு நெனச்சேன். எதுல விட்டேன்? ஆங், ஆஸ்பத்திரி.

தேன்மொழிகிட்ட நான் என்ன சொன்னேன்னா, நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு, நான்தான் தூக்கிட்டு வந்து சேத்தேன்னு. தூக்கிட்டு வந்தது நெசந்தான, கால் மணி நேரங்கழிச்சுத் திரும்பப் போயி நான்தான் ஆட்டோவுல ஏத்துனேன். அவ என் சட்டையில இருந்த ரத்தத்தப் பாத்துட்டு, என் தோள்ல சாஞ்சு அழுதா. "நீங்க மட்டும் இல்லேன்னா என் தம்பி செத்துருப்பான்"னு அழுதா. எனக்கும் அழுக வந்துருச்சு.

எட்டு நாளு அவனுக்கு நெனப்பில்ல. தாடையக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டாங்க, வாய் தொறக்க முடியாது. ஆஸ்பத்திரியில அவன் கையத் தச்சப்ப சதைக்குள்ள இருந்து ஒரு பீங்கான் சில்லு வந்திருக்கு. அத ஒரு டப்பாவுல போட்டுப் போலீசுக்குக் கொடுத்துட்டாங்க. ஊருல பீங்கான் பல்லு வச்சவரு யாரு, ஒருத்தருதான. எலெக்ஷனுக்கு இருபது நாளு இருக்கு. வக்கீல் வந்தாரு. கதவச் சாத்திக்கிட்டு அண்ணனும் அவரும் ரொம்ப நேரம் பேசுனாங்க. அப்புறம் என்னைய உள்ள கூப்புட்டாங்க. அண்ணன் எந்திரிச்சு வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு சார். பதினாறு வருஷத்துல மொத தடவ. "மாயா, எனக்கு உன்னைய விட்டா யாருடா இருக்கா"ன்னாரு. நான் செத்துருன்னா செத்துருப்பேன் அந்த நிமிஷம். அவரு பல்லுதான் கேட்டாரு.

அதே டாக்டரம்மா. அண்ணன் பல்லுக்கு எடுத்த அளவு, அதே கலரு, அதே மாதிரி எனக்குச் செய்யணும். செஞ்சு, அதே எடத்துல ஒண்ண ஒடச்சு விடணும். அண்ணனுக்குப் புதுசு ஒண்ணு ஒட்டிரணும். ரெண்டு மாசத்துக்கு முந்தியே எனக்குப் பல்லு போட்டதா அவங்க நோட்டுல எழுதிரணும். அந்தம்மா என் வாயத் தொறந்து லைட் அடிச்சுப் பாத்துட்டு, "இது ரொம்ப நல்ல பல்லு. இதத் தொடவே கூடாது, நான் செய்ய மாட்டேன்"னுச்சு. எம்பல்லு அப்படி சார். தேன்மொழியப் பொண்ணு பாக்கப் போனப்ப, மாப்பிள்ளைக்குப் பல்லு வரிச நல்லாருக்குன்னு சொல்லித்தான் அவ சம்மதிச்சாளாம். நான் எந்திரிச்சுப் போயி வெளிய வரவேற்புல இருந்த மீன் தொட்டிய ஒடச்சேன். பொறுமையாத்தான் ஒடச்சேன், ஸ்டூலத் தூக்கி ஒரே போடு. மீனு தரையில துள்ளிக்கிட்டிருந்துச்சு. அந்தம்மா அதப் பாத்துட்டு அழுதுக்கிட்டே மெஷின எடுத்துச்சு.

சீவும்போது ஒரு வாடை வரும் பாருங்க, முடி கருகுற வாடை. எட்டுப் பல்லையும் குச்சி குச்சியாச் சீவிட்டாங்க. அண்ணன் பல்லு அளவு எனக்குப் பொருந்தணும்ல, அதுனால ரொம்பச் சீவ வேண்டியதாப் போச்சு. பத்து நாளு ஒரு தோப்பு வீட்டுல பதுங்கியிருந்தேன், பச்சத் தண்ணி குடிக்க முடியல. முந்தா நாளு தகடெல்லாம் ஒட்டி, முன்னாடி ஒண்ண அரத்த வச்சு ஒடச்சு, அண்ணனும் நானும் கண்ணாடி முன்னால பக்கத்துல பக்கத்துல நின்னு ஈன்னோம். ஒரே பல்லு. அண்ணன் என் தோள்ல தட்டி, "இனிமே நீயும் நானும் ஒண்ணுடா"ன்னாரு.

இன்னும் ஒரே ஒரு வேல பாக்கி. செழியனுக்கு நெனப்பு வந்துருச்சு. ஏட்டு போயி வாக்குமூலம் வாங்குனா அவன் அண்ணன் பேரச் சொல்லிருவானே. அவன்கிட்டப் பேசி என் பேரச் சொல்ல வைக்கணும். அண்ணன், "நீ கேட்டா உன் மச்சினன் தட்டவா போறான்"னாரு. எனக்கும் நம்பிக்கதான்.

நேத்து மத்தியானம் பார்வை நேரத்துல போனேன். தலையில துண்டப் போட்டுக்கிட்டு. தேன்மொழி தண்ணி பிடிக்க வெளிய போயிருந்தா. அவன் ஒத்தையாப் படுத்திருந்தான், மூஞ்சி பாதிதான் தெரிஞ்சுது, வாயி உள்ள போயிக் கெழவன் மாதிரி ஆயிருச்சு. மடியில எம்மகளோட பழைய நோட்டு ஒண்ணும் பேனாவும். பேச முடியாதுல, எழுதித்தான் காட்டுறான். நான் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, தோப்புல பத்து நாளா யோசிச்சு வச்சதையெல்லாம் சொன்னேன். "மாப்ள, நடந்தது நடந்துபோச்சு. ஏட்டு வந்து கேட்டா என் பேர எழுதிக் கொடுத்துரு. அண்ணன் பேரு வேணாம், அவரு வெளிய இருந்தாத்தான் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நான் பதினஞ்சு நாள்ல வந்துருவேன். உனக்காகவும் சேத்துத்தான் நான் போறேன். இங்க பாரு, அதுக்காக என் பல்லையே கொடுத்துட்டேன்." அவனுக்கு நம்பிக்க வரட்டும்னு நல்லா ஈன்னு காட்டுனேன்.

அவன் செவுத்தோட செவுறா ஒட்டிக்கிட்டான் சார். குளுக்கோஸ் கம்பி சாஞ்சு விழுந்துருச்சு. தாடையில கட்டியிருந்த கம்பிக்குள்ள இருந்து ஒரு சத்தம், மாட்டுக் கன்னு மாதிரி. கைய வாய்க்கிட்டக் கொண்டு போறான், கட்டுப் போட்ட கை, அது அங்க எட்டல. வலி போலன்னு நெனச்சு நான் அவன் கையப் பிடிக்கப் போனேன். இன்னும் சத்தம் போட்டான்.

தேன்மொழி ஓடியாந்தா. என்னையத் திட்டல. அடிக்கல. அவன அணைச்சு, தடவிக் கொடுத்து, அடங்குனதுக்கப்புறம் அந்த நோட்ட எடுத்து எங்கிட்ட நீட்டுனா. "ஏட்டு காலையிலயே வந்து எழுதி வாங்கிட்டுப் போயிட்டாரு. படிங்க"ன்னா.

படிச்சேன். பேரு இருந்துச்சு. மாயழகு. எங்கப்பா பேரு, எங்க தெருப் பேரு, கதவு நம்பரு, எல்லாம் சுத்தமா எழுதியிருக்கான், கல்யாணப் பத்திரிக்கைக்கு எழுதித் தர்ற மாதிரி. அண்ணன் பேரு இல்ல. தேடித் தேடிப் பாத்தேன், எங்கயுமே இல்ல.

எனக்குச் சந்தோஷந்தான் சார் வந்துச்சு மொதல்ல. நான் கேக்குறதுக்கு முன்னாடியே எனக்காகச் செஞ்சுட்டானேன்னு. "நீயாவே புரிஞ்சுக்கிட்டியா மாப்ள"ன்னேன். அவன் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டான். தேன்மொழி, "அடுத்த பக்கத்தையும் படிங்க. அந்த வீரணன் பேர ஏண்டா எழுதலன்னு நான் கேட்டேன். அதுக்கு எழுதுனது"ன்னா.

திருப்புனேன். ரெண்டே வரி. 'அடிச்சவன் யாரோ. பிடிச்சுக் கொடுத்தது எங்க மச்சான்.'

அவ என்னையப் பாக்கவே இல்ல. "எங்கிட்ட என்ன சொன்னீங்க"ன்னு மட்டும் கேட்டா. அப்புறம், "பிள்ளையப் பாக்க வராதீங்க"ன்னா. ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடியான்னு கேட்டேன். "எப்பவும்"னா.

நீங்க வெவரமான ஆளு மாதிரி தெரியுறீங்க, நீங்களே சொல்லுங்க. நான் அடிச்சேனா? அடிக்கல. பிடிச்சேன். ரெண்டு கையையும் பிடிச்சேன், அவ்வளவுதான். விட்டிருந்தா என்ன பண்ணியிருப்பான்? திருப்பி அடிச்சிருப்பானா, அவனுக்கு அடிக்கத் தெரியாது. வாயப் பொத்தியிருப்பான். சும்மா வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பான். சுத்தி கையில விழுந்திருக்கும். வெரலு ஒண்ணு ரெண்டு போயிருக்கும். மிச்சப் பல்லு தப்பிச்சிருக்கும், தாடை தப்பிச்சிருக்கும், அவன் பேசிக்கிட்டிருப்பான்.

அறந்தாங்கிக்கு இன்னும் எம்புட்டு நேரம் சார்? கோர்ட்டுல மாஜிஸ்ட்ரேட் கேட்டா, "நான்தான்யா செஞ்சேன்"னு சொல்லணும். தலையக் குனிஞ்சு, தடுமாறாமச் சொல்லணும்னு வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்காரு. தோப்புல பத்து நாளும் அதத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். நேத்து வரைக்கும் அது பொய்யின்னு நெனச்சு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன்.